பழைய ரோல் ஃபார்மிங் இயந்திரம்: வாங்குபவரும் விற்பவரும் கேட்கும் கேள்விகள்

கூரைத் தகடு, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின், கான்கிரீட் தளத்துக்கு அடியில் போடும் டெக்கிங் ஷீட் தயாரிக்கும் தொழிலில் இறங்குபவர்களில் பலர் பழைய இயந்திரத்தில்தான் தொடங்குகிறார்கள். விற்பவர்களில் சிலர் தொழிலை விரிவாக்குகிறவர்கள், சிலர் மூடுகிறவர்கள். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வரி, சட்டம் தொடர்பானவை இந்தியாவுக்குப் பொருந்துபவை.

ரோல் ஃபார்மிங் என்றால் தகடு வளைக்கும் இயந்திரம்தானே?

இல்லை. பிரஸ் பிரேக் ஒரு தகட்டை ஒவ்வொரு மடிப்பாக வளைக்கும். பிளேட் பெண்டிங் இயந்திரம் தகட்டை உருளையாகச் சுருட்டும். ரோல் ஃபார்மிங் இயந்திரத்தில் காயிலிலிருந்து, அதாவது தகட்டுச் சுருளிலிருந்து, பிரியும் தகடு, வரிசையாக நிற்கும் ஸ்டேஷன்கள் வழியாக ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மேலும் கீழும் உள்ள ரோலர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, கடைசி ஸ்டேஷனில் முழு வடிவத்தையும் கொண்டுவருகின்றன. தடிமன் மாறுவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது. கூரைத் தகட்டு இயந்திரத்தில் பெரும்பாலும் 16 முதல் 24 ஸ்டேஷன்கள் வரை இருக்கும். தொடக்கத்தில் சுருளைப் பிரித்துவிடும் டீகாயிலர், முடிவில் வெட்டும் கட்டர், அதன்பின் தகடு வந்து விழும் மேசை. விலை பேசும்போது இவற்றில் எவை சேரும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டீகாயிலர் விலையில் சேராது என்ற செய்தி பல நேரங்களில் லாரி வந்து நின்ற பிறகுதான் வெளியே வரும்.

பழையது வாங்குவது லாபமா?

புரொஃபைல், அதாவது இயந்திரம் தரும் தகட்டின் வடிவம், பொருந்தினால் லாபம். பொருந்தாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம். லேத், மில்லிங் இயந்திரம் போன்றவை பொதுப் பயன்பாட்டுக்கானவை. ஒருவர் விற்றதை இன்னொருவர் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ரோல் ஃபார்மிங் இயந்திரமோ இன்னொருவர் அளவுக்குத் தைத்த சட்டை. அந்த ரோலர்கள் ஒரு குறிப்பிட்ட வடிவம், குறிப்பிட்ட காயில் அகலம், குறிப்பிட்ட தடிமன் வரம்பு ஆகியவற்றுக்காகக் கடைந்தவை. ஆகவே முதல் கேள்வி "எத்தனை வருடம் ஓடியது" என்பதாக இருக்கக் கூடாது. "என்ன வடிவம் வருகிறது, அது எங்கள் ஊரில் விற்குமா" என்பதாக இருக்க வேண்டும். என் கணக்கில், பத்து வருடம் ஓடிய சரியான புரொஃபைல், இரண்டு வருடம் ஓடிய தவறான புரொஃபைலைவிட மேல்.

எங்கள் ஊரில் எந்த புரொஃபைல் விற்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூரை போடும் கொத்தர்களிடமும் ஃபேப்ரிகேட்டர்களிடமும் கேளுங்கள். அதைவிட நல்லது, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும் கொட்டகைகளில் ஏறி அளந்து பார்ப்பது. ரிப்பின் (தகட்டில் எழும்பி நிற்கும் மடிப்பின்) உயரம், ஒரு ரிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, ஒரு தகடு மூடும் அகலம் ஆகிய மூன்றும் வேண்டும். கொட்டகையை நீட்டுபவரும், உடைந்த ஷீட்டை மாற்றுபவரும் பழைய தகட்டோடு பக்கவாட்டில் சரியாகப் படியும் தகட்டையே கேட்பார்கள். ரிப்பின் உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் மேலமர்வு (ஒரு தகட்டின் ஓரம் அடுத்ததன் மேல் படியும் இடம்) சரியாக உட்காராது, மழையில் ஒழுகும்.

விளம்பரத்தில் ஒய்எக்ஸ் 25-205-820 என்று போட்டிருக்கிறார்கள். அது மாடல் எண்ணா?

சீன உற்பத்தியாளர்கள் புரொஃபைலைக் குறிக்கும் முறை அது. அலையின் உயரம் 25 மில்லிமீட்டர், அலைகளுக்கு இடையே 205, தகடு மூடும் அகலம் 820. நான்கு இடைவெளிகள் சேர்ந்தால் 820 வந்துவிடும். இந்த வகைக்கு வழக்கமாக 1000 மில்லிமீட்டர் அகலக் காயில் தேவை.

சிக்கல் இங்குதான். இந்தியச் சந்தையில் கூரைத் தகட்டுக்கு எளிதில் கிடைப்பது 1220 மில்லிமீட்டர் காயில். அதை 1000-க்கு நீளவாக்கில் வெட்டி ஓட்டினால் மிச்சம் 220 வீணாகும், வெட்டுக்கூலி தனி. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 1000 காயிலில் 820 மூடினால் பயன்படும் அகலம் 82 சதவீதம். 1220 காயிலில் 1070 மூடும் புரொஃபைலில் அது சுமார் 87.7 சதவீதம். தகடுதான் செலவின் பெரும்பகுதியாக இருக்கும் தொழிலில் இந்த வித்தியாசம் இயந்திரத்தின் விலை வித்தியாசத்தைச் சீக்கிரமே தின்றுவிடும்.

0.8 வரை ஓடும் இயந்திரத்தில் 1.2 மில்லிமீட்டர் தகடு ஓட்ட முடியாதா?

ஓடுவதுபோல் தெரியும், சில நாட்களுக்கு. வளைக்கத் தேவையான விசை ஏறத்தாழ தடிமனின் வர்க்கத்தோடு கூடும். 0.8-லிருந்து 1.2-க்குப் போனால் தடிமன் ஒன்றரை மடங்கு, விசை இரண்டே கால் மடங்கு. ஷாஃப்ட் நடுவில் வளையும், பேரிங் போகும், செயின் இழுபடும். கூரைத் தகட்டு இயந்திரத்தில் பர்லின் ஓட்டலாமா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை போகும் சி, இசட் பர்லினுக்கு ஷாஃப்ட், சட்டம், மோட்டார் எல்லாமே வேறு வகுப்பைச் சேர்ந்தவை.

தடிமனைக் கேட்பவர்கள் தகட்டின் பலத்தையும் கேட்க வேண்டும். கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய) கூரைத் தகடுகளில் 550 மெகாபாஸ்கல் வலிமையுள்ள தகடு சாதாரணமாகப் புழங்குகிறது. மென்மையான ஜி.ஐ. தகட்டுக்கு வடிவமைத்த ரோலரில் அதை ஓட்டினால் வளைத்த கோணத்திலிருந்து தகடு திரும்பி விரியும். ரிப் சரிந்து, அகலம் கூடிவிடும். ஸ்டேஷன் குறைவாக உள்ள பழைய இயந்திரங்களில் இதைச் சரிசெய்ய அதிக இடமில்லை. விற்பவர் இதுவரை எந்த வகைத் தகடு ஓட்டினார் என்பதற்குக் காயில் வாங்கிய பில்களையே காட்டச் சொல்லுங்கள்.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இயந்திரம் நின்றிருக்கும்போது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை, ஓடி முடிந்த தகட்டில் ஒரு முறை. மூன்றில் கடைசியே அதிகம் பேசும்.

நின்றிருக்கும்போது ரோலர்களைத் துணியால் துடைத்து, விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஹார்டு குரோம் உரிந்திருந்தாலோ, துருப் புள்ளிகள் இருந்தாலோ நகம் தட்டும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் வண்ணத் தகட்டின் பெயின்டில் கீறலாகப் பதியும். ஜி.ஐ. தகடு மட்டும் ஓட்டப்போகிறவருக்கு இது பெரிய குறையல்ல, விலையைக் குறைக்கும் வாய்ப்பு. வண்ணத் தகடு ஓட்டுபவருக்கோ குரோம் மீண்டும் பூசும் செலவு விலையில் கழிய வேண்டும்.

டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து, ஷாஃப்டைக் கையால் சுற்றி, அது கோணாமல் நேராகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். மேல் ரோலருக்கும் கீழ் ரோலருக்கும் உள்ள இடைவெளியை அளக்க எளிய வழி, மின்பணியாளர்கள் பயன்படுத்தும் சால்டர் கம்பியை இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என விட்டு ஓட்டி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளப்பது. இரு பக்கமும் வெவ்வேறாக வந்தால், சரியாக வைக்காத ஸ்க்ரூவாக இருக்கலாம், தேய்ந்த பேரிங்காக இருக்கலாம், வளைந்த ஷாஃப்டாகவும் இருக்கலாம். முதலாவது ஐந்து நிமிட வேலை. மூன்றாவது வேறு கதை.

செயின் ஓட்டமா, கியர்பாக்ஸ் ஓட்டமா என்று பாருங்கள். செயின் நீண்டிருந்தால் ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கிபோல் சாய்ந்திருக்கும். அடித்தளச் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டி, ரசமட்டம் வைத்தால் முறுக்கு தெரியும். சட்டமே முறுக்கியிருக்கும் இயந்திரத்தை நான் வாங்கமாட்டேன். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், அதை அல்ல.

கட்டரைப் பலர் கவனிப்பதில்லை. அதன் பிளேடு அந்த புரொஃபைலின் வடிவத்திலேயே வெட்டப்பட்டது. கடைகளில் கிடைக்காது, புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டும். வெட்டிய விளிம்பில் பிசிறு நிறைய இருந்தால் பிளேடு தீட்ட வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே எத்தனை முறை தீட்டினார்கள், இன்னும் தீட்டுவதற்கு உலோகம் மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓடும்போது பார்த்தால் போதுமா? விற்பவர் ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார்.

அவருடைய தகட்டில் ஓட்டிக் காட்டினால் அது அவருடைய நிகழ்ச்சி. ஒரு சிறு காயிலாவது உங்களுடையதை எடுத்துப் போங்கள். 0.47 மில்லிமீட்டர், 1220 அகலத் தகடு ஒரு மீட்டருக்குச் சுமார் 4.5 கிலோதான். ஐம்பது மீட்டர் சோதனைக்கு 225 கிலோ. பல லட்ச ரூபாய் பொருளுக்கு இது ஒரு செலவே அல்ல.

முதல் தகட்டை மட்டும் பார்க்காமல், பத்துத் தகடுகளை ஒரே நீளத்துக்கு வைத்து வெட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். நீளம் ஏறி இறங்கினால் நீளத்தை அளக்கும் என்கோடர் சக்கரம் வழுக்குகிறது, அல்லது நிறுத்தும்போது தகடு நகர்கிறது. ஒரு தகட்டைச் சமதளத்தில் வைத்து, மூலை தூக்குகிறதா என்று பார்ப்பது முறுக்கைச் சொல்லும். நீளவாக்கில் விளிம்பு ஓரத்தில் நூல் பிடித்தால் பக்கவாட்டு வளைவு தெரியும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமில்லையென்றால் கட்டர் சாய்ந்து வெட்டுகிறது. தட்டையான பகுதி அலையடித்து, வெயிலில் மினுமினுப்பு நெளிந்தால் ரோலர் அழுத்தம் ஒரு பக்கம் அதிகம். சில சமயம் காயிலே மோசமாக இருக்கும், அதனால்தான் உங்கள் காயில்.

பிறகு ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்து மேலமர்வு சரிபாருங்கள். தகட்டின் இரு முனைகளிலும் நடுவிலும் மூடும் அகலத்தை அளங்கள். வெட்டியதும் முனைகள் மட்டும் விரிந்துகொள்வது ரோல் ஃபார்மிங்கில் இயல்பு. அது எவ்வளவு என்பதே கேள்வி. மேலமர்வு தானாக உட்கார்ந்தால் விட்டுவிடலாம், காலால் மிதித்து உட்கார வைக்க வேண்டியிருந்தால் கூடாது.

ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் சூடான பிறகே கசியத் தொடங்கும் சீல்கள் உண்டு.

இரட்டைத் தளம் கொண்ட இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மேலே ஒரு புரொஃபைல், கீழே ஒரு புரொஃபைல், ஒரே மோட்டார். இடம் குறைவாக உள்ளவருக்கு வசதி. கீழ்த்தளத்தில் தகடு சிக்கினால் எடுப்பதும், ரோலர் இடைவெளியைச் சரிசெய்வதும் குனிந்து தவழ்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆபரேட்டர்கள் அந்தத் தளத்தை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடுவார்கள். இரண்டு புரொஃபைலும் உங்களுக்கு அன்றாடம் தேவை என்றால் மட்டும் வாங்குங்கள். ஒன்று மட்டுமே தேவை என்றால் இன்னொன்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கண்ட்ரோல் பேனல் பழையதாக இருந்தால்?

இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி. என்ன பிராண்டு, என்ன மாடல், உதிரி இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள். சீமென்ஸின் எஸ்7-200 போன்ற பரவலாக இருந்த மாடல்களே உற்பத்தி நின்றுவிட்டவை. அதைவிட முக்கியம், நிரலின் நகலும் கடவுச்சொல்லும் கையில் கிடைக்கின்றனவா என்பது. கடவுச்சொல் இயந்திரம் செய்தவரிடம் இருந்து, அவர் தொழிலை விட்டுப் போயிருந்தால், பி.எல்.சி. பழுதாகும் நாளில் நிரலைப் புதிதாக எழுத வேண்டும். கூரைத் தகட்டு இயந்திரத்துக்கு அது பெரிய வேலையல்ல. நீளம், எண்ணிக்கை, நிறுத்து, வெட்டு, அவ்வளவுதான். துளை போடும் பர்லின் லைனுக்குச் செலவு கணிசமாக ஏறும்.

ரோலர்களை மட்டும் மாற்றி வேறு புரொஃபைல் செய்யலாமா?

ஷாஃப்ட் விட்டம், ஸ்டேஷன்களுக்கு இடையிலான தூரம், எண்ணிக்கை மூன்றும் புதிய வடிவத்துக்குப் போதுமென்றால் செய்யலாம். முழு ரோலர் தொகுதி, புதிய கட்டர் பிளேடு, வழிகாட்டிகள் என்று கூட்டினால், புதிய இயந்திரத்தின் விலைக்கு அருகில் போய்விடுவதே வழக்கம். கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

நியாயமான விலை என்ன?

கீழ் எல்லை காயலான் கடை விலை. இயந்திரத்தின் எடையை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்குங்கள், அதற்குக் கீழே யாரும் விற்க மாட்டார்கள். மேல் எல்லை, அதே புரொஃபைலுக்குப் புதிய இயந்திரம் உங்கள் கொட்டகையில் ஓடும் நிலைக்கு வரும் வரை ஆகும் மொத்தச் செலவு. உண்மை விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. பழையதில் சேர்க்க வேண்டிய ஏற்றுக்கூலி, கிரேன், பழுது, குரோம், பிளேடு எல்லாவற்றையும் கூட்டிய பிறகும், புதியதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் மட்டுமே பழையதற்கு அர்த்தம் உண்டு. சிறிய வித்தியாசத்துக்காக உத்தரவாதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பைக் காட்டி விலை கேட்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். வருமான வரிக்காக இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பது ஒரு கணக்கு முறை. சந்தைக்கு அது தெரியாது.

இயந்திரம் வங்கியிடம் அடமானத்தில் இருந்தால்?

தொழிற்சாலைக் கடன்களில் இயந்திரம் பெரும்பாலும் வங்கிக்குப் பிணையாக எழுதப்பட்டிருக்கும், பொருள் மட்டும் உரிமையாளர் வசம் இருக்கும். வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வாங்கினால் நாளை வங்கி உங்கள் கொட்டகைக்கு வரலாம். விற்பவர் நிறுவனமாக இருந்தால் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் மீதான கடன் பதிவுகளைப் பார்க்கலாம். அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடான செர்சாயிலும் தேடலாம்.

வங்கி ஏலத்தில் நேரடியாக எடுப்பவர்கள், "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்" என்ற நிபந்தனையை அலங்கார வாசகமாக நினைக்க வேண்டாம். மின்சாரம் துண்டித்த தொழிற்சாலையில் ஓட்டிப் பார்க்க வழியே இருக்காது. அங்கே நின்ற நிலைச் சோதனையை மட்டும் நம்பி, கட்டரும் பேனலும் பழுது என்று வைத்துக்கொண்டு விலை கேட்பதே பாதுகாப்பு.

ஜி.எஸ்.டி. எப்படி?

பதிவு பெற்றவர் விற்றால் 18 சதவீத வரியோடு பில் கொடுக்க வேண்டும். வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அந்த வரவில் பயன்படுத்திய காலத்துக்கான பங்கைக் கழித்த மீதி, அல்லது விற்கும் விலைக்கான வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பழைய பொருள் வியாபாரிகள், வாங்கும்போது வரி வரவு எடுக்காமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைப் பின்பற்றலாம். "பில் வேண்டாம், விலை குறைக்கிறேன்" என்பவரிடம் வாங்கினால் வரி வரவும் போகும், உரிமைக்கான சான்றும் போகும். நாளை நீங்கள் விற்கும்போதும் அதே கேள்வி வரும்.

வேறு மாநிலத்திலிருந்து வந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் நகர்ந்தால் அந்த வரம்பு 1 லட்சம் ரூபாய்.

வெளிநாட்டிலிருந்து பழையதை இறக்கலாமா?

இயந்திரம் போன்ற மூலதனப் பொருட்களைப் பழையதாக இறக்குமதி செய்ய இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை பொதுவாக அனுமதிக்கிறது. சுங்கத் துறை மதிப்பைத் தீர்மானிக்கச் சார்ட்டர்டு இன்ஜினியரின் சான்றைக் கேட்கும். எண்ணியல் கட்டுப்பாடுள்ள ரோல் ஃபார்மிங் இயந்திரத்துக்கு 2022-க்குப் பிந்தைய சுங்க வகைப்பாட்டில் 8462 25 என்று தனி எண்ணே உண்டு.

அமெரிக்க இயந்திரம் என்றால் மின்சாரத்தையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். மின்னழுத்தமும் 480-க்குப் பதில் 415. சீனத்தின் ஹெபெய் மாகாணத்தில் உள்ள போடோ நகரம் இந்த இயந்திரங்களுக்குப் பெயர்போனது. அங்கிருந்து வருபவை 50 ஹெர்ட்ஸுக்கே செய்யப்பட்டவை, அந்த வகையில் தொல்லை குறைவு. ஆனால் அங்கே புதியதே மலிவு. பழையதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஏற்றி இறக்குவதில் என்ன கவனம்?

ரோலரிலோ ஷாஃப்டிலோ கயிறு கட்டித் தூக்கக் கூடாது, அடித்தளச் சட்டத்தில் மட்டும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எண் எழுதிப் படம் எடுங்கள். பர்லின் இயந்திரமாக இருந்தால் ரோலர்களுக்கு இடையே போடும் ஸ்பேசர் வளையங்களை ஸ்டேஷன் வாரியாகத் தனித்தனிப் பையில் கட்டுங்கள். எந்த ஸ்பேசர் எங்கே என்ற அட்டவணை தொலைந்தால் வாரக்கணக்கில் தலைவலி. புதிய இடத்தில் ரசமட்டம் பார்த்து, நான்கு மூலையும் சமமாக்கிய பிறகே போல்ட்டை இறுக்குங்கள். சமமில்லாத தரையில் நின்ற நல்ல இயந்திரமும் முறுக்கிய தகட்டையே தரும்.

நான் விற்பவன். விலை கூட என்ன செய்யலாம்?

பெயின்ட் அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் புது பெயின்டைப் பார்த்ததும் எதை மறைக்கிறார் என்றுதான் யோசிப்பார். அந்தப் பணத்தில் பிளேடைத் தீட்டுங்கள், கசியும் சீலை மாற்றுங்கள். ரோலர் வரைபடம், மின்சுற்று வரைபடம், பி.எல்.சி. நிரல், வாங்கிய பில் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ரோலர் வரைபடம் இருந்தால் ஒரு ரோலர் உடைந்தாலும் மீண்டும் கடையலாம். அதற்காகவே கூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் தகட்டின் குறுக்குவெட்டு அளவுகளோடு படம் போடுங்கள், தேவையில்லாத பத்து அழைப்புகள் குறையும்.

எல்லாவற்றையும்விட, இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்பே விற்கப் பாருங்கள். மின் இணைப்போடு ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கும், தார்ப்பாய் போட்டு மூடிய இயந்திரத்துக்கும் விலை ஒன்றல்ல.

தரகர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

இயந்திரத்தையும் உரிமையாளரையும் ஒரே இடத்தில் பார்க்கும் வரை கொடுக்காதீர்கள். படங்கள் வேறொருவர் விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கலாம். வீடியோ அழைப்பில் பெயர்ப் பலகையையும் வரிசை எண்ணையும் காட்டச் சொன்னாலே சிலர் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். நேர்மையான தரகர்கள் உண்டு. அவர்கள் கமிஷன் யாரிடமிருந்து, எவ்வளவு என்பதை முதல் நாளே சொல்வார்கள். பணம் பிரித்துக் கொடுப்பதில் ஒப்புக்கொள்ளக்கூடிய வழி, சோதனை ஓட்டத்துக்குப் பின் ஒரு பகுதி, லாரியில் ஏற்றியதும் மீதி. எதுவானாலும் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

பாதுகாப்புக் கவசங்கள் இல்லாமல் வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை அல்ல. மேல், கீழ் ரோலர்கள் உள்ளே இழுக்கும் இடமும், கட்டரும் விரலை எடுக்கக்கூடியவை. ஓடும்போதே ரோலரைத் துணியால் துடைக்கும் பழக்கம் பல கொட்டகைகளில் இருக்கிறது. அங்கேதான் கை சிக்குகிறது. செயினுக்கு மூடி, கட்டருக்குக் கம்பி வலை, இரு முனைகளிலும் அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவற்றின் செலவை விலையில் கழித்துக்கொண்டு, முதல் ஷீட் ஓடுவதற்கு முன்பே பொருத்துங்கள்.

எந்த நிலையில் காயலான் கடைக்கே கொடுத்துவிடலாம்?

புரொஃபைல் சந்தையிலிருந்து போய்விட்டது, அல்லது சட்டம் முறுக்கிவிட்டது என்றால். அப்போதும் முழுதாகக் கொடுக்க வேண்டாம். மோட்டார், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பவர் பேக், டீகாயிலர் ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றி விற்றால் எடைக்குக் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும். குறிப்பாக டீகாயிலருக்கு எப்போதும் ஆள் உண்டு. எந்த புரொஃபைலுக்கும் அது பொருந்தும்.